சோடி ஸ்கேட்டிங்: வெள்ளவத்தையில் என்னை மறித்துக் கேட்கும் கேள்விகள்

கனடாவில் அக்கா வீட்டில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பியவள் நான். அங்கே என் முக்கியமான வேலை, அக்காவின் மகளை விடிய நாலரைக்கு எழுப்பி, பாதித் தூக்கத்திலேயே காரில் ஏற்றி, ஸ்கார்பரோவில் ஒரு ஐஸ் அரங்கில் கொண்டுபோய் விடுவது. முதலில் தனியாகச் சறுக்கினாள். பதினான்கு வயதிலிருந்து ஒரு பெடியனோடு சோடியாக. இங்கே வந்த பிறகு கோயில் வீதி, கலியாண மண்டபம், நடன வகுப்பு வாசல் என்று எங்கே நின்றாலும் யாராவது கைபேசியில் ஒரு வீடியோவை நீட்டி, "உங்கட பெறாமகள் செய்றது இதுதானே?" என்று தொடங்கிவிடுகிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் உளைந்ததால் எழுதிவைக்கிறேன். நான் கோச் இல்லை. அரங்கின் பெஞ்சில் பிளாஸ்க் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்த சின்னம்மா, அவ்வளவுதான்.

இது ஐஸில் ஆடுகிற நடனம்தானே?

இல்லை. ஐஸ் நடனம் வேறு போட்டி. அதிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடுவதால் குழப்பம் வருகிறது. 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் மெரில் டேவிஸ், சார்லி வைட் இருவரும் இந்தியப் பாட்டுகளுக்கு ஆடிய வீடியோவைத்தான் பாதிப் பேர் எனக்குக் காட்டுவார்கள். அழகான ஆட்டம், வெள்ளிப் பதக்கமும் எடுத்தார்கள். ஆனால் அது ஐஸ் நடனம். அதில் பெண்ணைத் தலைக்கு மேலே கை நீட்டித் தூக்க முடியாது, எறியவும் முடியாது.

சோடிப் போட்டியில் அதெல்லாம் உண்டு. அவன் அவளைத் தலைக்கு மேல் கை முழுக்க நீட்டித் தூக்குவான், அதுவும் நின்ற இடத்தில் இல்லை. பிளேட்டில் ஓடிக்கொண்டே, சுழன்றுகொண்டே. அடுத்தது, அவளை மேலே வீசி, அவள் காற்றில் உருண்டு வரும்போது இடுப்பில் பிடிப்பது. இன்னொன்று, அவளை எறிவது. அவள் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, பல மீற்றர் தள்ளி, ஒற்றைக் காலில் பின்பக்கமாக இறங்க வேண்டும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரம் பாய்வதும் சுழல்வதும் இருக்கின்றன. மரணச் சுழல் என்று ஒன்று: அவன் ஒரு காலை அச்சாக ஊன்றிக்கொண்டு நிற்க, அவள் அவனுடைய ஒரு கையைப் பிடித்தபடி, தலை ஐஸை உரசுகிற மாதிரிச் சாய்ந்து அவனைச் சுற்றி வருவாள். என் பெறாமகளுக்கும் அவளுடைய சோடிக்கும் மணிக்கட்டைப் பிடிக்கத்தான் பழக்கினார்கள். வியர்த்தால் விரல் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது என்று.

பெரியவர்களுக்கான போட்டியில் இரண்டு ஆட்டம். குறுகியது 2 நிமிடம் 40 செக்கன், நீண்டது 4 நிமிடம். இரண்டிலும் பத்துப் பத்துச் செக்கன் கூடலாம், குறையலாம். நாலு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்கள் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து மூன்றாம் மாடிக்கு அரிசி மூட்டையோடு ஓடிப் பார்க்கலாம், முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு.

எத்தனை வயதில் தொடங்க வேண்டும்?

ஐஸில் நிற்க ஐந்து, ஆறு வயது. சோடியாக ஆட அவசரமே இல்லை. முதலில் தனியாகப் பாயவும் சுழலவும் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே பன்னிரண்டு பதினான்கு வயதுக்குப் பிறகு மாறுகிறவர்கள்தான் அதிகம். உலகப் பெரியோர் போட்டிகளுக்குக் குறைந்த வயது முன்பு 15 ஆக இருந்தது. 2022இல் எடுத்த முடிவின்படி அதைப் படிப்படியாக உயர்த்தி, 2024-25 பருவத்திலிருந்து 17 ஆக்கிவிட்டார்கள். நல்ல முடிவு. சின்னப் பிள்ளைகளின் எலும்பை வைத்துப் பதக்கம் எடுக்கிற அவசரம் கொஞ்சமாவது குறையும்.

மேல் எல்லை? டியானா ஸ்டெல்லாட்டோ-டுடெக் என்று ஒருவர். 2000இல் இளையோர் உலகப் போட்டியில் தனியாக ஆடி வெள்ளி எடுத்தார், அடுத்த வருடம் இடுப்புக் காயத்தால் விட்டுவிட்டார். 2016இல் திரும்பி வந்து சோடி ஆட்டம் பழகினார். 2024இல் மொன்றியலில் மக்சிம் டெஷானோடு உலகச் சாம்பியன். அப்போது அவருக்கு வயது 40. என் அக்கா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சிரித்தாள்.

கொழும்பிலேயே இருந்துகொண்டு ஒரு பிள்ளை இதில் வர முடியுமா?

முகத்துக்கு நேரே சொல்கிறேன்: முடியாது. போட்டிக்கான ஐஸ் அரங்கு 60 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். அப்படி ஒன்று இங்கே இல்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். நாட்டில் இயற்கையாகக் கிடைக்கும் ஐஸ் அவ்வளவுதான். 2022 பெய்ஜிங் வரை குளிர்கால ஒலிம்பிக்குக்கு இலங்கை ஒருவரையும் அனுப்பியதும் இல்லை.

ஆனால் வெயில் நாட்டுப் பிள்ளைக்கு இது ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். பிலிப்பைன்ஸின் மைக்கேல் மார்ட்டினெஸ் மணிலாவின் கடைத்தொகுதி ஐஸ் அரங்குகளில் பழகி 2014 சோச்சி ஒலிம்பிக்குக்குப் போனார். மலேசியாவின் ஜூலியன் யீ 2018இல் பியோங்சாங் போனார், அவர் தொடங்கியதும் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கடைத்தொகுதியில்தான். இருவரும் தனியாக ஆடுகிறவர்கள். சோடிக்கு இன்னும் கஷ்டம், ஏனென்றால் ஐஸ் மட்டும் போதாது, ஆளும் வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்குப் பிடித்த கதை சீனாவின் கதை. யாவோ பின் என்பவர் 1980இல் லுவான் போவோடு ஜெர்மனியின் டோர்ட்மண்டில் உலகப் போட்டிக்குப் போனார். நல்ல கோச் யாரும் இல்லாமல், படங்களைப் பார்த்துப் பழகியவர்கள். கடைசி இடம். பார்க்க வந்த சனம் சிரித்தது. அந்த மனிதர் ஊருக்குப் போய்க் கோச் ஆனார். 1964இலிருந்து தொடர்ந்து பன்னிரண்டு ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியமும் பிறகு ரஷ்யாவும் விட்டுக்கொடுக்காத சோடித் தங்கத்தை 2010இல் வாங்கிக்கொண்டு போன ஷென் ஷுவே - ஜாவ் ஹொங்போ அவருடைய பிள்ளைகள்தான். இடையில் முப்பது வருடம். ஆகவே "இலங்கையிலிருந்து எப்போது வரும்?" என்று கேட்பவர்கள் அந்த முப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணத் தொடங்குவதற்கே முதலில் ஒரு அரங்கு வேண்டும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: ஒற்றை வரிசைச் சக்கர ஸ்கேட், ஜிம்னாஸ்டிக்ஸ், பரதநாட்டியம். அரைமண்டியில் பழகிய முழங்கால் ஐஸில் வீண் போகாது. என் பெறாமகளின் கோச்சே அவளுடைய முழங்காலைப் பார்த்து "இதை எங்கே பழகினாய்?" என்று கேட்டார். தாளமும் அப்படித்தான். விடுமுறையில் துபாய், கோலாலம்பூர் போகிறவர்கள் ஐஸில் ஏற்றிப் பார்க்கலாம். முதல் நாளே பிள்ளை விழுந்து எழும்பிச் சிரித்தால் யோசிக்கலாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதால் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சோடி எப்படிக் கிடைக்கும்?

என்னைக் கேட்டால் மற்றக் கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் கேட்கலாம். பாய்ச்சலைப் பழகலாம், தூக்குவதைப் பழகலாம். ஆள் கிடைப்பது உங்கள் கையில் இல்லை.

கலியாணத் தரகரிடம் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். உலகம் முழுக்கப் பெண் பிள்ளைகள் அதிகம், பெடியன்கள் குறைவு. பிள்ளையின் உயரம், எடை, எந்தப் பாய்ச்சல் எத்தனை சுற்று, எந்த ஊர், ஊர் மாறத் தயாரா என்று விபரம் போட்டு, இணையத்தில் அதற்கென்றே இருக்கும் இடங்களில் விளம்பரம் கொடுப்பார்கள். கோச்மார் தங்களுக்குள் கதைப்பார்கள். பிறகு "ட்ரை அவுட்", அதாவது பெண் பார்க்கும் படலம். இரண்டு மூன்று நாள் சேர்ந்து சறுக்கிப் பார்ப்பது. அதற்கு அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ விமானம் ஏறவேண்டி வரும், செலவு உங்களது.

பத்துப் பொருத்தமும் பார்க்கத்தான் வேண்டும். அவன் அவளைவிடக் கணிசமாக உயரமாக இருக்க வேண்டும். 2023, 2025 உலகச் சாம்பியன்களான ஜப்பானின் ரிகு மியுரா - ரியூச்சி கிஹாரா இடையே சுமார் 30 சென்ரிமீற்றர் வித்தியாசம். பாயும்போது சுழலும் திசை பொருந்த வேண்டும். பெரும்பாலானோர் கடிகாரத்துக்கு எதிர்ப்புறம் சுழல்வார்கள், சிலர் மறுபுறம். திசை மாறினால் பக்கத்தில் பக்கத்தில் சுழலும்போது பார்க்கவும் ஒரு மாதிரி, பழக்கவும் கஷ்டம். வயது, நாடு, மொழி, இரண்டு வீட்டுக் காசு, இரண்டு வீட்டுத் தாய்மாரின் குணம். கடைசியைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

எல்லாம் பொருந்தியும் விட்டுப்போகலாம், ஒன்றும் பொருந்தாமல் ஓடலாம். கிஹாரா 2019இல் தலையில் பட்ட அடியெல்லாம் தாங்கி, சரி போதும், விட்டுவிடலாம் என்ற யோசனையோடு ஓர் ஐஸ் அரங்கில் வேலை செய்துகொண்டிருந்தவர். மியுரா தன்னோடு ஆட முடியுமா என்று கேட்டார். பிறகு நடந்தது தெரிந்ததே. கனடாவின் எரிக் ராட்ஃபோர்ட், மேகன் டுஹமெலோடு 2015, 2016 இரண்டு வருடமும் உலகச் சாம்பியன். ஓய்வு பெற்ற பிறகு வனெசா ஜேம்ஸோடு புதிதாகச் சேர்ந்து 2022இல் உலக வெண்கலம் எடுத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஐரினா ரொட்னினா. முதல் சோடி அலெக்ஸி உலானோவோடு நாலு முறை உலகச் சாம்பியன், 1972 ஒலிம்பிக் தங்கம். அந்த நேரத்தில் உலானோவுக்கும் எதிரணிச் சோடியில் இருந்த லுட்மிலா ஸ்மிர்னோவாவுக்கும் காதல், கலியாணம். உலானோவ் அந்தப் பக்கம் போய்விட்டார். ரொட்னினா, அவ்வளவாக யாருக்கும் தெரியாத அலெக்சாண்டர் ஸைட்செவை எடுத்தார். 1973இல் பிராத்திஸ்லாவாவில் இருவரும் சேர்ந்து ஆடிய முதல் உலகப் போட்டி. ஆட்டத்தின் நடுவில் இசை நின்றுபோனது. நிற்கவில்லை. மிச்ச நேரம் முழுக்க இசையே இல்லாமல் ஆடி முடித்துத் தங்கம் எடுத்தார்கள். பிறகு இன்னும் ஐந்து உலகப் பட்டம், இரண்டு ஒலிம்பிக். நாடகத் தொடர் எழுதுகிறவர்கள் கவனிக்கவும்.

பெண் பிள்ளையை ஒரு பெடியன் இடுப்பிலும் காலிலும் பிடித்துத் தூக்குவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

இதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அம்மம்மாவும் கேட்டா, ஆனால் குரலைத் தாழ்த்தாமல்.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அரங்கில் வந்து உட்கார்ந்து பாருங்கள். முதல் ஆறு மாதம் அவர்கள் ஐஸில் தூக்கவே இல்லை. தரையில், மெத்தை விரித்து, சப்பாத்தோடு. அவன் கணக்குச் சொல்லுவான், ஒன்று, இரண்டு, மூன்று. அவள் ஏறுவாள். கோச் நாலு பக்கமும் சுற்றி வந்து முழங்கையை இரண்டு அங்குலம் திருப்பச் சொல்லுவார். திரும்பவும். இருபது முறை. அவனுடைய உள்ளங்கையில் தோல் உரிந்து டேப் சுற்றியிருக்கும், அவளுடைய இடுப்பு எலும்பில் அவன் கட்டைவிரல் பதிந்த இடம் நீலமாகக் கன்றியிருக்கும். அதைப் பார்த்த பிறகு உங்களுக்கு வேறு எந்த யோசனையும் வராது, "கடவுளே, கை நழுவாமல் இருக்கட்டும்" என்பதைத் தவிர.

ஆனால் கவனம் இருக்கத்தான் வேண்டும், அந்தப் பெடியன்மேல் மட்டும் இல்லை, கோச் உட்பட எல்லோர்மேலும். பெற்றார் பார்க்க முடியாத மூடிய பயிற்சி என்று ஒருவர் சொன்னால் அங்கே பிள்ளையை விடாதீர்கள். வெளியூர்ப் போட்டிக்கு யார் கூடப் போகிறார்கள், யார் எந்த அறையில் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அண்ணன் தங்கையே சோடியாக ஆடலாம், நிறையப் பேர் ஆடியிருக்கிறார்கள். இதில் எனக்கு மறக்காதது மரியா, ஒட்டோ ஜெலினெக். செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக்கில் பிறந்து, 1948இல் குடும்பத்தோடு தப்பிக் கனடாவுக்குப் போன அகதிப் பிள்ளைகள். 1962இல் உலகப் போட்டி அதே பிராக் நகரத்தில் நடந்தது. விட்டு ஓடிய ஊருக்கே கனடாக் கொடியோடு போய் உலகச் சாம்பியன் ஆனார்கள். ஒட்டோ பிறகு கனடாவின் விளையாட்டு அமைச்சராகவும் இருந்தார். இந்தக் கதையைச் சொன்ன அன்று அக்கா வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் ஒன்றும் பேசாமல் நீண்ட நேரம் இருந்தார். அவர் 1984இல் போனவர்.

இப்படி ஆடுகிறவர்கள் கடைசியில் கலியாணம் செய்துகொள்வார்களாமே?

சிலர். ஷென்னும் ஜாவும் செய்தார்கள். 2007 உலகப் போட்டி முடிந்தவுடன் ஜாவ் ஐஸிலேயே மண்டியிட்டுக் கேட்டார். ரொட்னினாவும் ஸைட்செவும் செய்து, பிறகு பிரிந்தார்கள். எக்கத்தரீனா கோர்தேவா - செர்கெய் கிரின்கோவ் 1988, 1994 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் எடுத்த கணவன் மனைவி. 1995 நவம்பரில் பயிற்சியின் நடுவில் கிரின்கோவ் ஐஸிலேயே சரிந்து மாரடைப்பில் இறந்தார், வயது 28. பெரும்பாலான சோடிகளுக்கு இது வேலை. வீட்டுக்குப் போனால் அவரவர் வழி.

ஆபத்தா?

ஆபத்து. அழகாகச் சொல்ல முடியாது. தனியாக ஆடுகிறவர் தன்னுடைய உயரத்திலிருந்து விழுவார். இதில் அவள், நீட்டிய கையின் உயரத்திலிருந்து, ஓட்டத்தின் வேகத்தோடு விழுவாள். தலையில் போட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது.

1996இல் எலேனா பெரெஸ்னயா அப்போதைய சோடியோடு பக்கத்தில் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்தபோது அவனுடைய பிளேட் தலையோட்டைத் துளைத்துவிட்டது. பேசவும் நடக்கவும் மறுபடி பழக வேண்டியிருந்தது. இரண்டு வருடத்தில், புதுச் சோடி அன்ரன் சிகாருலிட்ஸேயோடு நகானோவில் ஒலிம்பிக் வெள்ளி. 2006 டூரினில் சீனாவின் ஜாங் டான், நாலு சுற்று எறிதலில் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து விழுந்து, பலகையில் போய் மோதினார். சில நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஆடி வெள்ளி எடுத்தார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. நானும் முதலில் கண் கலங்கித்தான் பார்த்தேன். இப்போது பார்த்தால், அந்தப் பிள்ளையைத் திரும்ப ஐஸில் ஏற்றியிருக்கக் கூடாது என்றுதான் படுகிறது.

எங்கள் வீட்டில்: கை மணிக்கட்டு ஒருமுறை, நாடியில் தையல் ஒருமுறை, தலையில் பட்ட அடி ஒருமுறை. மூன்றாவதுதான் பயம். பார்க்க ஒரு காயமும் இல்லை. ஆனால் மூன்று வாரம் அறையில் திரை போட்டுப் படுத்திருந்தாள், வெளிச்சம் தாங்கவில்லை. "சும்மா விழுந்தது, நாளைக்கு வரட்டும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை எப்போது ஐஸில் ஏற்றலாம் என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும், கோச் இல்லை.

ஒல்லியாக இருந்தால்தான் எடுப்பார்களா?

சின்ன உருவம் உதவும், மறுக்கவில்லை. தூக்குகிறவனுக்கும் ஒரு தோள்தானே. ஆனால் இதைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளைப் பட்டினி போடும் இடங்கள் இருக்கின்றன. மாதவிடாய் நின்றுபோவது, சும்மா கால் வைத்ததற்கே எலும்பில் வெடிப்பு வருவது எல்லாம் அதன் கூலி. எறியப்பட்டு ஒற்றைக் காலில் இறங்கும் பிள்ளைக்குத் தசை வேண்டும், தசைக்குச் சோறு வேண்டும். எல்லார் முன்னாலும் தராசில் ஏற்றும் கோச் என்றால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். என் பெறாமகள் காலைப் பயிற்சி முடிந்து காரில் புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டவள்.

செலவு எவ்வளவு?

மனம் பொறுக்காத அளவு. நல்ல பூட்ஸும் பிளேட்டும் சேர்ந்து ஆயிரம் கனடா டொலருக்குக் குறையாது, வளருகிற பிள்ளைக்கு வருடா வருடம் மாற்ற வேண்டும். ஐஸ் நேரத்துக்குக் காசு, கோச்சுக்கு மணிக் கணக்கில் காசு, ஆட்டம் அமைத்துக் கொடுப்பவருக்கு, உடைக்கு, பாட்டு வெட்டி ஒட்டுபவருக்கு, பிளேட் சாணை பிடிப்பவருக்கு. போட்டிக்குப் போனால் விமானமும் ஹோட்டலும், கோச்சினுடையதையும் சேர்த்து. இரண்டு வீடும் பாதி பாதி போடும் என்பது சோடியில் ஒரு நிம்மதி. அக்கா வீட்டுக்காரர் பகலில் தொழிற்சாலை, இரவில் டாக்ஸி. வீட்டை இரண்டாம் முறை அடமானம் வைத்ததை எனக்கும் சொல்லவில்லை, பிறகுதான் தெரியும்.

சம்பாதிக்கலாமா?

உச்சியில் இருக்கும் சில சோடிகளுக்குப் பரிசுப் பணம், கண்காட்சி ஆட்டம், விளம்பரம் என்று வரும். பரிசை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சில நாடுகள் மாதப்படி கொடுக்கின்றன. மற்றவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துத் தங்கள் ஐஸ் காசைக் கட்டுகிறார்கள்.

எந்த நாட்டுக்காக ஆடுவது? இலங்கைக் கடவுச்சீட்டோடு முடியுமா?

உலகச் சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளுக்கு இருவரில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் வழி உண்டு. வேறு நாட்டுக்கு ஏற்கெனவே ஆடியிருந்தால் அந்த நாடு விடுவிக்க வேண்டும், காத்திருக்கும் காலமும் உண்டு. ஒலிம்பிக் என்றால் இருவருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை கட்டாயம். இந்தச் சட்டத்தில்தான் எத்தனையோ சோடி உடைந்திருக்கிறது.

உக்ரைனில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடிய அல்யோனா சாவ்சென்கோ, பிரான்ஸ்காரரான புரூனோ மசோவை எடுத்தபோது, மசோ ஜெர்மன் மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டியிருந்தது. இரண்டு முறை தவறினார். மூன்றாம் முறை, ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்பு, பாஸ். பியோங்சாங்கில் முதல் ஆட்டத்தில் நாலாம் இடம், இரண்டாவதில் 159.31 புள்ளி, அப்போதைய உலக சாதனை, தங்கம். சாவ்சென்கோவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், வயது 34. ஓ.எல். கணிதத்தை மூன்றாம் முறை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

புள்ளி எப்படிப் போடுகிறார்கள்? அந்த 6.0 எங்கே போனது?

முன்பு நடுவர்கள் 6.0ஐ உச்சமாக வைத்துப் புள்ளி போட்டார்கள். 2002இல் சோல்ற் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் ரஷ்யச் சோடிக்குத் தங்கம் கொடுத்தார்கள். அந்த ரஷ்யப் பெண், மேலே சொன்ன அதே பெரெஸ்னயா. கனடாவின் ஜேமி சலே - டேவிட் பெல்ற்றியே வெள்ளி. பிறகு பிரெஞ்சு நடுவர் தன்மேல் அழுத்தம் இருந்தது என்று சொல்ல, பெரிய கலவரமாகி, கனடாவுக்கும் ஒரு தங்கம் கொடுத்து அமர்த்தினார்கள். அதோடு 6.0 முறைக்குக் காலம் முடிந்தது.

இப்போது ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு அடிப்படை விலை. தூக்குதல், சுழல் போன்றவற்றுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்து 4 வரை தரம். அதை எப்படிச் செய்தார்கள் என்று நடுவர்கள் -5இலிருந்து +5 வரை போடுவார்கள். அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறமை மூன்றுக்கும் தனிப் புள்ளி. ஒருவர் விழுந்தால் ஒரு புள்ளி கழியும், இருவரும் சேர்ந்து விழுந்தால் இரண்டு. உடையிலிருந்து ஒரு துண்டு ஐஸில் விழுந்தாலும் ஒன்று போய்விடும். அதனால்தான் அக்கா ஒவ்வொரு கல்லையும் மூன்று முறை தைப்பாள்.

புது பூட்ஸ் வாங்கினால் நன்றாக ஆடுவாளா?

மாட்டாள். முதல் சில வாரம் அழுவாள். கனடாவின் பார்பரா அண்டர்ஹில் - போல் மார்ட்டினி 1984 ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்குப் போனார்கள். புது பூட்ஸ் அண்டர்ஹில்லுக்குச் சரிவரவில்லை. அடுத்த மாதம் ஒட்டாவாவில் உலகப் போட்டி. கழற்றிப்போட்ட பழைய பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆடினார். உலகச் சாம்பியன்! வீட்டில் பழைய பூட்ஸை எறியாதீர்கள்.

பிளேட்டின் தடிப்பு நாலு மில்லிமீற்றர் அளவுதான். அதன் நடுவைக் குழிவாகச் சாணை பிடிப்பதால் உள் விளிம்பு, வெளி விளிம்பு என்று இரண்டு கூர். எப்போதும் ஏதாவது ஒன்றில்தான் ஓட்டம். சாணை பிடிப்பவர் கொஞ்சம் கூடக் குறையச் செய்தாலும் பிள்ளை வாசலிலேயே விழும்.

படிப்பு?

நடக்கும், காரின் பின் இருக்கையில். சோடி ஆட்டத்துக்கு இருபத்தைந்துக்குப் பிறகும் நல்ல காலம் இருக்கிறது. ஜாவ் ஹொங்போ தங்கம் எடுத்தபோது 36. ஆகவே ஓ.எல்., ஏ.எல்.லை விட்டுவிட்டு ஓட ஒரு காரணமும் இல்லை.

தமிழ்ப் பாட்டுக்கு ஆடலாமா?

தாராளமாக. 2014-15 பருவத்திலிருந்து சோடிப் போட்டியில் வரிகள் உள்ள பாட்டுக்கும் அனுமதி. எங்கள் வீட்டில் நாதஸ்வரமும் தவிலும் வைத்து ஒன்று செய்யலாம் என்று நான் சொன்னேன். கோச் கேட்டுவிட்டு, தவில் வேகம் எடுக்கும் இடத்தில் இந்தப் பெடியனால் ஓட முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் மனவருத்தம்தான்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வார்கள்?

கோச் ஆவார்கள். ஆட்டம் அமைத்துக் கொடுப்பார்கள். போட்டிகளில் தொழில்நுட்ப நிபுணராக உட்காருவார்கள். ஐஸ் கண்காட்சிகளிலும், ஐஸ் அரங்கு உள்ள பெரிய சுற்றுலாக் கப்பல்களிலும் சோடிகளுக்கு வேலை உண்டு. தூக்கி எறிந்தால்தானே சனம் கைதட்டும். பழைய பூட்ஸ் அண்டர்ஹில் ஐஸ் ஹொக்கி அணிகளுக்குச் சறுக்கப் பழக்கும் கோச் ஆகிவிட்டார், அவ்வளவு பெரிய ஆம்பிளைகளுக்கு.

உங்கட பெறாமகள் இப்போது எங்கே ஆடுகிறாள்?

ஆடவில்லை. நாலு வருடம் சேர்ந்து ஆடிய பிறகு அந்தப் பெடியன் ஒரு கோடையில் தோள் சத்திரசிகிச்சைக்குப் போனான், அதோடு போதும் என்று சொல்லிவிட்டான். சண்டை இல்லை. அவனுடைய தாய் இரண்டு பெட்டி கேக்கோடு வீட்டுக்கு வந்து அழுதா. பிறகு பதினான்கு மாதம் இவள் ஆள் தேடினாள். நாலு ட்ரை அவுட். ஒருவன் உயரம் போதாது, ஒருவனுக்குச் சுழலும் திசை மாறி, ஒருவன் வேறு பெண்ணைத் தெரிவுசெய்தான். நாலாமவன் எல்லாவற்றிலும் பொருந்தினான், குடியுரிமை பொருந்தவில்லை. இப்போது உடற்பயிற்சி மருத்துவம் படிக்கிறாள். சனி ஞாயிறு சின்னப் பிள்ளைகளுக்கு ஐஸில் விழுவதற்குப் பழக்குகிறாள். நிற்பதற்கு முன் விழப் பழக வேண்டுமாம்.

போன ஓகஸ்டில் இங்கே வந்திருந்தாள். ரொட்டி வாங்கக் காலி வீதியைக் கடக்க வேண்டும். அந்தச் சந்தியில் பஸ்காரர்கள் ஒருவருக்கும் நிற்க மாட்டார்கள். "கையைப் பிடி" என்றேன். அவள் என் விரல்களைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். கடந்துவிட்டோம்.